நனைந்து நின்ற இருவர்

ஐப்பசி மழை கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அமலியின் செல்போன் ரிப்பேர்க் கடைக்குள் ஃபெமினா வந்து நின்றாள். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் போனை நீட்டுவார்கள், பிறகுதான் முகத்தைக் காட்டுவார்கள். இவள் போனை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த சந்தோஷ்குமார் நிமிர்ந்தான். அவன் டாக்ஸி ஜீப் ஓட்டுகிறவன். டூரிஸ்ட் வராத மழை நாட்களில் அவனுக்கு இந்த முக்காலிதான் ஸ்டாண்டு. அமலியிடம் யாராவது சிக்கலோடு வந்தால் அவனுக்குக் குளிரே தெரியாது.

அமலி சிக்கல் தீர்ப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டவர் இல்லை. ஐம்பத்து நாலு வயது. கடை போடுவதற்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்த ஆபரேட்டர். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணப் பேச்சும் பங்காளிச் சண்டையும் அவர் காது வழியாகப் போயிருந்தன. வாய் வழியாக ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் மொட்டைக் கடிதம் வந்தவர்களும் நகை தொலைத்தவர்களும் போலீசுக்குப் போவதற்கு முன் இங்கே ஒரு நடை வந்துவிட்டுப் போவார்கள்.

ஃபெமினா சொன்னது இதுதான். பனிக்கூடு ரிசார்ட்டில் ரிசப்ஷனிஸ்டாக இருந்தாள். மேனேஜர் ராபின் அவளிடம் முறை தவறி நடந்துகொண்டான். புகார் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள், அங்கே ரூம் சுத்தம் செய்துகொண்டிருந்த ராஜகுமாரி. அவளும் வேலையை விட்டுவிட்டுப் மேல்மலையில் போளூருக்குக் கீழே இருக்கும் தன் ஊருக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் புகார்க் குழுவின் விசாரணை. ராஜகுமாரி வந்து சாட்சி சொன்னால் புகார் நிற்கும். வராவிட்டால், பணத்துக்காகப் பழி போட்டவள் என்ற பெயரோடு ஃபெமினா இந்த ஊரில் காலம் தள்ள வேண்டும்.

"நாங்க ரெண்டு பேரும் டிஎம்ல, அதான் டைரக்ட் மெசேஜ்ல, மட்டும்தான் பேசிக்கிறோம், ஆன்ட்டி. எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்கு. கம்பெனிக்காரனே படிக்க முடியாதாம். ஆனா நான் எழுதுறது எல்லாம் ராபினுக்குத் தெரியுது."

போன வியாழன் இரவு அனுப்பிய மெசேஜை அவள் காட்டினாள். 'ராஜி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏரிப் பக்கம் படகுத் துறைக்கு எதிரே வந்துவிடு. நாம் சொல்ல வேண்டியதை ஒரு தடவை பேசிப் பார்த்துக்கொள்வோம். உன் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? மழை பெய்தால் படகுத் துறை வேண்டாம், சர்ச் ஹாலுக்கு வா.'

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. இருவரும் சர்ச் ஹாலில் சந்தித்துப் பேசினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக ஃபெமினா பார்த்தாள். படகுத் துறைக்கு எதிரே ரிசார்ட் செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு பேர் தொப்பலாக நனைந்துகொண்டு, வருகிற போகிற பெண்களையெல்லாம் உற்றுப் பார்த்தபடி நின்றார்கள்.

"எங்க சித்தி பையன் சாஃப்ட்வேர்ல இருக்கான். நடுவுல யாரும் படிக்கவே முடியாது, ரெண்டு முனையில ஒண்ணுதான் ஓட்டைங்கிறான். ஒரு முனை நான். அப்போ..." ஞாயிறு இரவு ஆத்திரத்தில் அனுப்பிய இன்னொரு மெசேஜையும் காட்டினாள்.

'ராஜி, நாம் பேசுவதை நீதான் ராபினிடம் சொல்கிறாயா? என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. அவர்கள் உனக்கு என்ன கொடுத்தார்கள்? இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே நம்புவேன். உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை.'

இரண்டு நாளாகப் பதில் இல்லை.

சந்தோஷ்குமாருக்கு விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ராஜகுமாரி விலை போய்விட்டாள், அவ்வளவுதான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அமலி பலமுறை சொல்லியிருந்தும் அவனுக்கு உறைத்ததில்லை. அமலி இரண்டு கேள்விதான் கேட்டார். அந்த ஆட்கள் எவ்வளவு நேரம் நனைந்திருப்பார்கள்? ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்றாள் ஃபெமினா. மெசேஜைத் துண்டு துண்டாக அனுப்புவாயா, ஒரேயடியாகவா? ராஜகுமாரி ஊரில் சிக்னல் மோசம், அதனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மெசேஜாகத்தான் எழுதுவேன் என்றாள்.

"நீ வீட்டுக்குப் போம்மா. நான் போன் பண்ணிச் சொல்ற வரைக்கும் எதையும் எழுதாதே," என்றார் அமலி. அவள் போனதும் சந்தோஷைப் பார்த்து, "காலையில போளூர் போகணும். டீசல் இருக்கா?" என்று கேட்டார்.

புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ராஜகுமாரி சரிவு வயலில் பூண்டுப் பல் ஊன்றிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஃபெமினா பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றாள், கையைத் துடைக்கவில்லை. அமலி எதையும் சுற்றி வளைக்காமல் அவளுடைய போனைக் காட்டச் சொன்னார்.

"போனு இங்க இல்லீங்க. வேன்ல போயிருக்கு."

சந்தோஷ் விழித்தான். அந்த ஊருக்கு அது அதிசயம் இல்லை. பள்ளத்தில் டவர் எடுக்காது. மின்சாரமும் பாதி நாள் இருக்காது. காய்கறி ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போகும் வேலுமணியின் வேனில் ஊர்க்காரர்கள் தங்கள் போன்களையும் ஏற்றிவிடுவார்கள். பூண்டு கட்டும் சிவப்பு வலைப் பை ஒன்று. அதில் பதினைந்து இருபது போன்கள். மேலே போனதும் சிக்னல் கிடைத்து எழுதி வைத்தது போகும், வர வேண்டியது வரும். மதியம் இரண்டு மணிக்கு வேன் திரும்பும்போது அவரவர் போனை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு போனிலும் ஒரு கலர் நூல் கட்டியிருக்கும். வேலுமணிக்கு எழுத்துத் தெரியாது, நூலைப் பார்த்துத்தான் யாருடையது என்று சொல்வார்.

"அடுத்தவங்க கையில குடுக்கப் பயமா இல்லையா?" என்றான் சந்தோஷ்.

"என்ன பயம்? பூட்டுப் போட்டுத்தானே அனுப்புறோம். என் பேட்டன் என் வீட்டுக்காரருக்கே தெரியாது. நல்ல மனுசங்க வேலுமணி அண்ணன். போறப்ப இருவது பர்சன்ட் கெடக்கும், வர்றப்ப நூறு ஏத்திக் கொண்டாந்துருவார்."

அமலி அந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் நின்றார். பிறகு, திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டார். ராஜகுமாரி சொன்னாள். திங்கள் மதியம் பன்னிரண்டு மணிக்கு ரிசார்ட் ஆள் ஒருவன் பைக்கில் இந்த வயலுக்கே வந்திருக்கிறான். உன் சிநேகிதியே உன்னைத் துரோகி என்று நினைக்கிறாள், நீ காசு வாங்கிவிட்டாய் என்கிறாள், அவளுக்காகப் போய் ஏன் அவமானப்படுகிறாய் என்றிருக்கிறான். கிளம்பும்போது, மழைக்காலத்தில் இந்த ரோட்டில் கல் உருளும், பிள்ளைக்காரி பார்த்து நடந்துகொள் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

"அப்ப அந்த மெசேஜை நீ படிச்சிருந்தியா?"

"இல்லீங்களே. போனு ரெண்டு மணிக்குத்தானே வந்துச்சு."

அவளுக்கு வந்த மெசேஜ் அவளுக்கு முன்னால் வேறு எவன் கைக்கோ போயிருக்கிறது. சந்தோஷ்குமார் நேற்று தான் அவளைப் பற்றி நினைத்ததை எண்ணி வெட்கப்பட்டான். நாளைக்கு வருவாயா என்று அமலி கேட்டார். காலையில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

இரண்டு மணிக்கு வேன் வந்தது. ராஜகுமாரியின் ஊதா நூல் கட்டிய போனை அமலி வாங்கித் திறக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சார்ஜர் குத்தும் துளையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஊசியால் நோண்டி விரலில் வைத்துத் தேய்த்தார். மைதா மாவு. வேலுமணியிடம் ஒரு வாரத்துக்குக் காரட் வேண்டும் என்கிற மாதிரி பேச்சுக் கொடுத்தார். மனிதர் தாராளமாகச் சொன்னார். வெள்ளனே ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்கு மார்க்கெட், ஒன்பது மணிக்கு ஒரு பேக்கரி, ஒன்பதரைக்கு ஒரு ஹோட்டல் கிச்சன், அதோடு சோலி முடிந்தது. நாளை திரும்பும்போது விசாரணை நடக்கும் ஆபீஸ் வாசலில் பதினோரு மணிக்கு நிற்க முடியுமா, வாடிக்கை ஒன்று பிடித்துத் தருகிறேன் என்றார் அமலி. அதற்கென்ன என்றார் அவர்.

"பேக்கரிதான் அக்கா," என்றான் சந்தோஷ், ஜீப்பில் ஏறியதும். "மைதா வேற எங்க இருக்கும்?"

"பரோட்டா போடுற எல்லா இடத்துலயும் இருக்கும்," என்றார் அமலி.

சிக்னல் கிடைக்கும் வளைவு வரை போய் அங்கிருந்து ஃபெமினாவுக்குப் போன் செய்தார். ஒரு மெசேஜைச் சொல்லி, அதை நாளைக் காலை சரியாக ஒன்பது இருபதுக்கு அனுப்பச் சொன்னார். ஒரு நிமிஷம் முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். அன்று இரவு போளூரில் சந்தோஷின் சித்தப்பா வீட்டில் தங்கினார்கள். அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சாட்சி வருவாளா என்பதே தெரியாமல் வலை விரித்து என்ன பயன் என்று ஓடிக்கொண்டே இருந்தது.

காலையில் ராஜகுமாரி ரோட்டோரத்தில் நின்றிருந்தாள். கையில் டிபன் பாக்ஸ். போன் வழக்கம்போல வேனில் போய்விட்டது, அமலி சொன்னபடியே. ஜீப்பின் பின்பக்கம், சித்தப்பா வீட்டில் ஏற்றி வந்த முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் அவள் படுத்துக்கொள்ள, மேலே தார்ப்பாய் போட்டான் சந்தோஷ்.

ஒன்பதரைக்குப் பூம்பாறையைத் தாண்டினார்கள். பத்து மணிக்கு, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனியில், குறுகலான ஒரு வளைவில் எதிரே ஒரு ஜீப் வந்து நின்றது. முன்பக்கம் பனிக்கூடு என்று எழுதியிருந்தது. இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் போக முடியாது. சந்தோஷ் ரிவர்ஸ் எடுத்தான். எதிர் வண்டி பக்கத்தில் வந்து உரசுகிற மாதிரி நின்றது. ஜன்னலில் இருந்தவன் பின்பக்கத் தார்ப்பாயைப் பார்த்தான், அமலியைப் பார்த்தான்.

"ஏலே, பூம்பாறையில கோயில் பக்கம் பொம்பளை யாராச்சும் நின்னாளா?"

"கவனிக்கலண்ணே. மூட்டை ஏத்திட்டு வர்றேன்," என்றான் சந்தோஷ். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அந்த ஜீப் பனிக்குள் போய் மறைந்தது. அமலி கைக்கடிகாரத்தைப் பார்த்து, வண்டி நம்பரைத் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். தார்ப்பாய்க்கு அடியில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. சந்தோஷ் வண்டியை முன்னால் எடுத்தான்.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம். விசாரணை அறையில் குழுத் தலைவியான வக்கீல் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஃபெமினா தனியாக. மறுபக்கம் ராபின், இஸ்திரி கலையாத கோட்டோடு. அவனுக்கு நன்னடத்தைச் சான்று சொல்லக் கூட்டி வந்திருந்த ஸ்டோர் கீப்பர் பாலமுருகன் பக்கத்தில். சாட்சி வரமாட்டாள், நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று ராபின் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ராஜகுமாரி முட்டைக்கோஸ் இலை ஒட்டிய சேலையோடு உள்ளே வந்தாள். ராபின் வாக்கியத்தைப் பாதியில் விட்டான்.

அவள் அரை மணி நேரம் பேசினாள். எங்கும் தடுமாறவில்லை. முடித்ததும், தன்னை மிரட்டியதையும் சொன்னாள். தான் எப்போது எங்கே போகிறேன் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை இந்த அம்மா சொல்வார் என்று வாசலைக் காட்டினாள். குழுத் தலைவி அமலியை உள்ளே அழைத்தார். வலைப் பையோடு வாசலில் நின்ற வேலுமணியும் கூடவே வந்தார்.

அமலி நின்றபடியே பேசினார். "எனக்கு முதல்ல உறுத்தினது நனைஞ்சுக்கிட்டு நின்ன ரெண்டு பேருதாங்க. இந்தப் பொண்ணு எழுதின மெசேஜிலயே, மழை பெஞ்சா சர்ச் ஹாலுக்கு வான்னு இருக்கு. அதைப் படிச்சவன் ஏன் ஏரிக்கரையில நனையணும்? அவனுக்கு முதல் ரெண்டு வரி தெரியும். கடைசி வரி தெரியாது. ஞாயித்துக்கிழமை மெசேஜும் அப்படித்தான். ஆரம்பத்துல கோவம், கடைசியில நம்பிக்கை. இவகிட்ட வந்து பேசினவனுக்கு அந்தக் கோவம் மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு."

"அதாவது?" என்றார் தலைவி.

"ராஜகுமாரி சொல்லியிருந்தா முழுசாச் சொல்லியிருப்பா. போனைத் திறந்து படிச்சிருந்தாலும், திருட்டுத்தனமா ஏதாச்சும் ஆப் போட்டிருந்தாலும் முழுசாத் தெரிஞ்சிருக்கும். பூட்டின போனுக்கு மெசேஜ் வந்தாலும், அப்புறம் சார்ஜ் குத்தினாலும் ஸ்கிரீன் வெளிச்சம் போட்டு முதல் ரெண்டு வரியைக் காட்டும் பாருங்க, அதை மட்டும் பார்த்தவன்தான் பாதியோட நிப்பான். என்கிரிப்ஷன்ல ஓட்டை இல்லீங்க. அது வழியில போடுற பூட்டு. வந்து சேந்த இடத்துல திண்டுக்கல் பூட்டா இருந்தாலும், வாசல்ல சத்தமாப் படிச்சா என்ன பண்றது?"

போன் எங்கோ சார்ஜ் ஏறி வந்ததையும் மைதா மாவையும் சொன்னார். வேலுமணிக்கு எழுத்துத் தெரியாது. வலைப் பைக்குள் குலுங்கிக் கிடக்கும் போனில் வேறு யாரும் படிக்க முடியாது. எங்கோ ஒரு மேஜையில் முகம் மேலே தெரிய அது கிடந்திருக்க வேண்டும். ஒன்று பேக்கரி, இல்லை ஹோட்டல் கிச்சன்.

"அதான் ஒம்பது இருவதுக்கு அனுப்பச் சொன்னேன். வேன் பேக்கரியை விட்டுக் கிளம்பியிருக்கும். அதுக்கப்புறம் ஒரே இடம்தான். ராஜகுமாரி கைக்கு அது மத்தியானம்தான் போகும்னு படிக்கிறவனுக்குத் தெரியும். ஆனா எழுதுறவளுக்கு அது தெரியாதுன்னு அவன் நெனச்சுக்குவான். அதனால, 'நேத்து ஆள் அனுப்பிச் சொன்னபடியே பத்தரைக்குப் பூம்பாறை கோயில் பக்கம் நில்லு'ன்னு எழுத வெச்சேன். பத்து மணிக்கு ரிசார்ட் ஜீப்பு எங்க எதிர்ல வந்து, கோயில் பக்கம் பொம்பளை நின்னாளான்னு கேட்டுச்சு. நம்பர் இந்தா இருக்கு." அமலி வேலுமணி பக்கம் திரும்பினார். "அண்ணே, கடைசியா இறக்குற கிச்சன் எது?"

"பனிக்கூடுங்க. ஒரு மாசமாத்தான். ஸ்டோர்ல இந்தா இருக்காரே, பாலமுருகன் சார், இவர்தான் பிளக் போர்டு குடுத்து எல்லாப் போனையும் வரிசையா அடுக்கி சார்ஜ் போட்டுத் தருவாரு. நல்ல மனுசன்னு..." வேலுமணிக்குச் சொல்லும்போதே புரிந்துவிட்டது. கையில் இருந்த பையை யாரோ அடித்தது போல இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ராஜகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் போன் தினமும் அந்த இடத்துக்கே போய் வந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாலமுருகன் எழுந்தான். "நான் யாரு போனையும் தொறக்கலீங்க. சார்ஜ் குத்துனதும் தானா வெளிச்சம் போட்டுச்சு, கண்ணுல பட்டுச்சு. மேனேஜர் சார் கேட்டாரு, சொன்னேன். வேலை போயிருமேன்னு..."

"எக்ஸ்சேஞ்சுல என் காதுலயும் எல்லாம் தானாத்தான் விழுந்துச்சு, தம்பி," என்றார் அமலி. குரல் உயரவில்லை. "விழுறது தப்பில்ல. அதைக் கொண்டுபோய்க் குடுத்தே பாரு, அதுதான். உன் போனை நான் தொட மாட்டேன். அதுல என்ன இருக்குன்னு கேக்க வேண்டியவங்க கேப்பாங்க."

ராபின் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். சாட்சியை மிரட்டியது தனிக் குற்றம், அது காவல் நிலையத்துக்குப் போகும், நீங்கள் உட்காரலாம் என்றார் தலைவி. அவன் உட்கார்ந்தான்.

வெளியே மழை விட்டிருந்தது. வேலுமணி ஊதா நூல் கட்டிய போனை எடுத்து ராஜகுமாரியிடம் நீட்டினார், கண்ணைப் பார்க்காமல். அவள் அவர் கையை ஒரு தரம் தட்டிக்கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் வந்த மெசேஜைத் திறந்தாள். பூம்பாறை, கோயில், பத்தரை மணி. கீழே இன்னும் இருந்தது. அதை அமலி சொல்லிக் கொடுக்கவில்லை; முதல் இரண்டு வரிதான் வெளியே தெரியும் என்று அவர் போனில் சொன்னதை வைத்து ஃபெமினாவே சேர்த்திருந்தாள். 'மேலே எழுதியதெல்லாம் பொய், ராஜி. இதுவரைக்கும் படிக்கிறவள் நீ ஒருத்திதான். என்னை மன்னித்துவிடு.'

ஃபெமினா இரண்டடி தள்ளி நின்றாள். கிட்டே வர அவளுக்குத் தைரியம் இல்லை. "திங்கட்கிழமை அந்த ஆள் வந்து அப்படிச் சொல்லியிருக்கான். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பதிலும் போடல நீ. அப்புறம் எப்படி வந்தே?"

ராஜகுமாரி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எழுதுனா அதையும் எவனாச்சும் பாப்பான்னு தோணுச்சு. நேர்ல சொல்லிக்கிறலாம்னு இருந்தேன்," என்றாள். "அவன் பாதி சொன்னான். நான் முழுசாப் படிச்சேன்."

டிபன் பாக்ஸைத் திறந்தாள். இருவருக்குமாகத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.